நான்கு கட்டம்

ஸ்வினேசுண்ட் பாலத்துக்கு இந்தப் பக்கம்
மூன்றாம் எண் கூண்டில் எனக்கு வேலை.
வெள்ளிக்கிழமைகளில் பெரும்பாலும் பன்றியிறைச்சி,
பீர்ப் பெட்டிகள்,
அளவுக்கு மேல் வாங்கி அடுக்கிவிட்டு
வானத்தைப் பார்க்கும் குடும்பங்கள்.

அன்று ஒரு கார் வந்தது.
சிவப்பு. கூரைத் துணி கிழிசல்.
வெளியே பெய்த மழை உள்ளேயும் பெய்தது.
ஓட்டி வந்தவர் ஹால்வார் ட்வைட்டன்,
ட்ராம்மென் ஊரில் பல் மருத்துவர்.
மூக்கு நுனியில் ஒரு துளி தொங்க
சிரித்துக்கொண்டே கண்ணாடியை இறக்கினார்.
அது பாதியில் நின்றது.

"ட்ரையம்ஃப். எழுபத்திரண்டு.
காலையில்தான் உத்தெவல்லாவில் வாங்கினேன்.
விற்றவர் அழுதுவிட்டார்."

விற்றவர் அழுதார் என்றால்
நான் டார்ச்சை எடுத்துவிடுவேன்.
இருபது வருடப் பழக்கம்.

எங்கள் சட்டம் லேசானது.
முப்பது வயது தாண்டினால் பழம்பொருள்,
சில்லறை வாங்கிக்கொண்டு உள்ளே விடலாம்.
தாண்டாவிட்டால்
எடைக்கு ஒன்று, குதிரைசக்திக்கு ஒன்று,
கடைசியில் காரைவிட வரி கனக்கும்.
படிவத்தில் 'தயாரித்த ஆண்டு' என்று
நான்கு கட்டம் உண்டு.
சமாதானம் சொல்ல இடம் கிடையாது.

காரைக் குழிமேல் நிறுத்தச் சொல்லிக்
கீழே இறங்கினேன்.
எண்ணெய் வாடை, பழைய உப்பு.
இருக்கைகளுக்குச் சற்றுப் பின்னே
குறுக்காக ஓடியது ஒரு தழும்பு.
பற்றவைத்த கோடு.
யாரோ பொறுமையாக, ஏறக்குறைய ஆசையாக
அரம் போட்டுத் தேய்த்து மறைத்தது.
அதற்கு முன்னால் எழுபத்திரண்டு.
அதற்குப் பின்னால், இரும்பில் குத்திய எண்
எழுபத்தாறு என்றது.
ஒன்றுக்குப் பின்புறம் நசுங்கியிருக்கும்,
மற்றதற்கு முகம்.
மிஞ்சிய இரண்டையும்
ஏதோ ஒரு கொட்டகையில் வைத்து
முடிச்சுப் போட்டுவிட்டார்கள்.

மருத்துவரையும் குழிக்குள் கூப்பிட்டு
டார்ச்சை அவர் கையிலேயே கொடுத்தேன்.
வெகுநேரம் பார்த்தார்.
வலிக்கிறதா என்று கேட்பதுபோல்
கோட்டை ஒரு விரலால் தட்டினார்.
"நல்ல வேலை," என்றார்.
"நான் கட்டும் பல்லும் இப்படித்தான்,
நாக்குக்கே தெரியாது."
முகம் விழுந்தது
அதற்குப் பிறகுதான்.

ஒஸ்லோவுக்குப் போன் போட்டேன்.
முன்பாதிக்குச் சலுகை, பின்பாதிக்கு வரி,
அப்படிப் போடலாமா?
மறுமுனையில் யாரோ இருமினார்கள்.
பட்டியலில் பாதிக் கார் இல்லையே.
திங்கட்கிழமை பேசுவோமே.
மணி மூன்றே கால்.

படிவத்தில் ஒன்று, ஒன்பது, ஏழு என்று
மூன்று கட்டத்தை நிரப்பினேன்.
அதுவரை எனக்குச் சந்தேகமில்லை.

அவர் பேருந்தில் போனார்.
சாவியைக் கேட்டேன், கொடுத்தார்.
போகுமுன் கியர் தண்டின் குமிழை மட்டும்
திருகிக் கழற்றிப்
பையில் போட்டுக்கொண்டார்.
அது எந்த ஆண்டு என்று
நான் கேட்கவில்லை.

இரவில் கூட்டம் ஓய்ந்ததும்
பாலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
கருங்கல் வளைவு, கீழே கறுத்த நீர்.
நடுவில் எல்லைக் கோடு,
ஒரு செருப்பின் அகலம்கூட இல்லை.
மத்தியானம் அவர் அதைத் தாண்டியபோது
ஒரு கணம்
கோட்டின் மேல் கோடு வந்திருக்கும்.
எழுபத்திரண்டு நார்வேயில்,
எழுபத்தாறு இன்னும் ஸ்வீடனில்.
அப்படியே அங்கே நின்றிருந்தால்
ஒரு காசு கூடுதலாகக் கேட்க
எனக்கு உரிமை இல்லை.
ஆனால் பாலத்தின் நடுவில்
யார் நிறுத்துவார்கள்?
பின்னால் மீன் லாரி
ஒலியெழுப்பியிருக்கும்.

மழை விடவில்லை.
எங்களிடம் இருந்த தார்ப்பாய் சின்னது,
முன்னே இழுத்தால் பின்னே நனைகிறது.
நடுவில் போட்டேன்.
வளைகுடாவிலிருந்து காற்று வந்து
என்னைப் போலவே
இரண்டு முனையையும் தூக்கிப் பார்த்தது.