மூணு எண்ணுற நேரம்

பனியன் வேஸ்ட்டில் சுற்றி
இரண்டு கையாலும் தூக்கி வந்தான் ரத்தினமூர்த்தி.
அவிழ்த்தால், லாரி டர்போ.
"நாமக்கல்லுல எடுத்தனுங்க, ஆறு சிலிண்டரோடது.
ரேட்டு படிஞ்சுது.
நம்ம வண்டிக்கு மாட்டி உடுங்."

நம்ம வண்டி ஆயிரத்து முந்நூறு சிசி டீசல்.
பின் சீட்டில் தீவன மூட்டை, தடுப்பூசிப் பெட்டி,
மிதியடியில் கோழி இறகு.
வாரத்தில் ஐந்து நாள் பல்லடம் சுற்றிப்
பண்ணை பண்ணையாகக் குஞ்சு எண்ணுகிறவன்
சனிக்கிழமை மதியம் வால்பாறை ஏறுவான்.
மகுடேஸ்வரிக்கு அங்கே பள்ளிக்கூட வேலை.
நடுவில் நாற்பது கொண்டை ஊசி.

தீவன அட்டையின் பின்புறம் கணக்குப் போட்டேன்.
ரெண்டு சுற்றுக்கு ஒரு மூச்சு.
நாலாயிரம் சுற்றில் நிமிஷத்துக்கு
இரண்டாயிரத்து அறுநூறு லிட்டர் காற்று.
திணித்தால் இன்னொரு மடங்கு.
சரிதான் மூர்த்தி,
ஆனால் ஊசி வளைவில் உன் முள் நிற்பது
ஆயிரத்து எண்ணூறில்.

கம்பெனி வரைபடத்தை விரித்தேன்.
ஒன்றுக்குள் ஒன்றாக வளையங்கள்,
வற்றும் குளம் விட்டுப்போன கரைத்தடம் போல.
நடு வளையத்தில் காற்று சொன்னபடி கேட்கும்.
வலது ஓரம் தாண்டினால் வெறும் சூடு.
இடது கோட்டைத் தாண்டினால்
தள்ளிவிட்ட காற்றே திரும்பி வந்து
சக்கரத்தின் முகத்தில் அறையும்,
புறா குமுறுவது போலச் சத்தம்.
அவன் மலைப்பாதையைப் புள்ளி புள்ளியாக வைத்தேன்.
பாதிக்கு மேல் கோட்டுக்கு அந்தப்பக்கம்,
கிளுவை வேலி தாண்டிய வெள்ளாடுகள்.

"பெருசு போட்டா பவரும் பெருசுதானுங்களே?"

பாலக்காட்டுக் கணவாயைப் பாரு என்றேன்.
மலை அந்த அளவுக்குத்தான் வாய் திறந்திருக்கிறது,
அதனால் ஆடியில் நம்ம தகரம் பறக்கிறது.
இன்னும் அகலமாகத் திறந்திருந்தால்
காற்று பாட்டுக்குப் போயிருக்கும்,
காற்றாடிக்காரன் ஒருத்தனும் இந்தப்பக்கம் வந்திருக்க மாட்டான்.

அவன் நம்பவில்லை.
அப்புறம்தான் சொல்லக்கூடாது என்று வைத்திருந்ததைச் சொன்னேன்.

நானும் பெரியது மாட்டினவன்.
உடுமலை ரோட்டில் கரும்பு டிராக்டரை முந்த
வலப்பக்கம் ஏறி மிதித்தேன்.
ஒண்ணு.
எதிரே பஸ்.
ரெண்டு.
பஸ்ஸின் நெற்றியில் ஊர்ப்பெயர் படிக்க முடிந்தது.
மூணு.
பிரேக்குக்குக் கால் மாறும்போது வந்தது
நான் கேட்ட அத்தனையும்.

டிராக்டர்காரன் மண்ணில் இறங்கி வழி விட்டான்.
அவன் திட்டியதை நான் இன்னும் யாரிடமும் சொன்னதில்லை.

சின்னதுதான் மாட்டினோம்.
சக்கரம் உள்ளங்கைக்குள் மூடிக்கொள்ளும்.
மூன்று வாரம் கழித்து வந்தான்.
"வளைவுல நெனைக்கறக்குள்ள ஏறுதுங்க.
அவ கூட, இன்னைக்கி ஏன் வெள்ளனே வந்துட்டீங்கன்னு கேட்டா.
ஆனா பைபாஸ்ல நூத்தி முப்பதுக்கு மேல
மூச்சு முட்டுதுங்களே."
முட்டும்தான் என்றேன்.
அதற்கு மேல் என்னிடம் பதில் இல்லை.
ஐந்நூறு ரூபாய் குறைத்துக் கொடுத்துவிட்டுப் போனான்.

லாரி டர்போவை எடுத்துப் போகவில்லை.
மேசைமேல் கிடக்கிறது.
இன்று ஷட்டரைத் தூக்கியதும்
மேற்கிலிருந்து ஒரே அடியாக உள்ளே வந்தது காற்று.
பில், ரசீது, மூர்த்தியின் பாக்கிச் சீட்டு,
எல்லாம் ரோட்டைத் தாண்டிச் சோளக்காட்டுக்குள் போனபிறகு
மெல்ல,
இப்போதுதான் கேள்விப்பட்டது போல,
சுற்ற ஆரம்பித்தது
பெரிய சக்கரம்.