வேர்வை நனைக்காத இடம்

செமோங்கோங் கடைவாசலில் சேணம் இறக்கினேன்.
புலேங்குக்கு முதுகு முழுக்க வேர்வை,
மழையில் நின்ற பாறைபோலக் கறுத்து.
இடது தோள்மேட்டுக்குப் பின்னால் மட்டும்
உள்ளங்கை அகலத்தில்
காய்ந்த ஒரு திட்டு.

காய்ந்திருந்தால் நல்லது என்று நினைப்பவன்
குதிரை வைத்திருக்கக் கூடாது.
எனக்குத் தெரியும்.
மொத்தப் பாரமும் அங்கே ஒரு புள்ளியில் இறங்குகிறது,
ரத்தம் வராமல்
தோல் வேர்க்க மறந்துவிட்டது.
தெரிந்தும்
கம்பளத்தை இன்னொரு மடிப்பு மடித்தேன்,
இறுகிய செருப்புக்குள் இரண்டாம் காலுறை திணிப்பவன்போல.
கம்பளி வெட்டும் பருவம்.
ஆலைக்காரனிடம் மூன்று நடைக்கு முன்பணம் வாங்கி
தின்றும் முடித்திருந்தேன்.

இரண்டாம் நடை.
சேணம் எடுத்ததும் பார்த்தேன், ஒன்றுமில்லை.
நிம்மதியாய்ப் போய்த் தேநீர் குடித்தேன்.
ஒரு மணி நேரம் கழித்து வந்தால்
அந்த இடம்
ரொட்டிமாவு பொங்கினாற்போல எழுந்து நிற்கிறது.
அழுத்துகிறவன் மேலே இருக்கும்வரை
வீக்கம் தலைகாட்டாது.
விரல் வைத்தேன். சூடு.
ஈ உட்கார்ந்ததுபோலத் தோல் சிலிர்த்தது.
ஈ இல்லை. நான்.

மூன்றாம் நடைக்கு வார் இறுக்கும்போது
கடித்தாள்.
சட்டைக்கையை மட்டும், சதையை விட்டுவிட்டு,
கணக்குப் பார்த்துக் கடித்தாள்.

முதுகில் புண்பட்டவனைப் பழிக்கும் ஊர்கள் உண்டு,
ஓடியவன் என்று.
இவள் ஒருநாளும் ஓடவில்லை.
புறப்புண் சுமந்தவளுக்கு;
நாணம்
ஏறியவனுக்கு.

சேணத்தைக் கவிழ்த்துக் கண்ணை மூடிக்கொண்டு
உள்பக்கம் தடவினேன்.
மே மாதம் கிழிந்த தோலை ஒட்ட
நானே அடித்த ஆணி.
கொஞ்சம் நீளம்தான், வேறு கிடைக்கவில்லை.
மரத்தைத் தாண்டி, கம்பளியைத் தாண்டி,
சோளமணியின் நுனியளவு வெளியே எட்டிப் பார்த்தபடி.

தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றினேன்.
அரை லிட்டருக்கு ஒரு சிறுகரண்டி உப்பு,
கண்ணீரைவிடக் கரிக்கக் கூடாது.
சுற்றிலும் ஒட்டிக்கிடந்த மயிரைக் கத்தரித்து
மெல்ல, மெல்ல ஊற்றினேன்.
நடுவில் தோல் உடைந்திருந்தது.
குனிந்து முகர்ந்தேன். நாற்றமில்லை.
நாறியிருந்தால், சீழ் கட்டியிருந்தால்,
மருத்துவரைத் தேடி இரண்டு மலை இறங்கியிருக்கவேண்டும்.

கிரீஸ் தடவு என்றான் ஒருவன்.
லாரியில் வடித்த கறுப்பு எண்ணெய் என்றான் இன்னொருவன்.
சாம்பல் என்றாள் ஆலைக்காரன் மனைவி மபாஃபோகெங்.
தலையாட்டினேன் எல்லோருக்கும்.
ஒன்றும் தடவவில்லை. கட்டுப் போடவும் இல்லை.
உப்புநீர், ஈயோட்ட ஒரு கந்தல், நிழல்.
மருந்துகளில் முதல் மருந்து
ஏறாமை.

மூன்றாம் நடை மட்டும் பாக்கி.
மாவு மூட்டைகளைப் பாதி பாதியாய்ப் பிரித்து
நான்கு நாள் நானே சுமந்தேன்.
மூட்டையின் ஒரு முனை
தோளெலும்பிலேயே வந்து வந்து இடித்தது.
இறக்கி, இடம் மாற்றி, மறுபடி ஏற்றினேன்.
இறக்க எனக்குக் கை இருந்தது.

வீக்கம் வடிந்து, பொருக்கு உதிர்ந்து
ஏழு வாரம் ஆயிற்று.
பழுப்பு முதுகில் அந்த இடத்தில் முளைத்த மயிர்
வெள்ளை.
சேணத்துக்குப் புது மரம் போட்டாயிற்று,
ஆணி ஒன்றுகூட இல்லாமல், வாரால் தைத்து.
இருந்தும், இப்போதெல்லாம் அதை எடுத்து வந்தால்
காதைப் பின்னால் மடிக்கிறாள்.
தோல் ஆறினாலும் காது ஆறவில்லை.

நேற்று கால்நடைச் சீட்டு எழுதும் மொகேதி வந்தார்.
பெட்டை. பழுப்பு. ஒன்பது வயது.
சுற்றிவந்து இடப்பக்கம் நின்றார்.
"நாணயம் அளவு வெள்ளை," என்று சொல்லிக்கொண்டே எழுதினார்.
"பிறவியிலா?"
"இல்லை."
"பின்னே?"
"நான் போட்டது."

பேனா கொஞ்ச நேரம் காகிதத்தின்மேல் நின்றது.
அதற்கு அதில் கட்டம் இல்லை.