தொடங்கின வயசு

கல்முனை ஆஸ்பத்திரியில்
குழாய் விட்டுப் பார்க்கும் அறைக்கு வெளியே பச்சைக் கதிரை.
நேற்றிரவிலிருந்து வெறும் வயிறு.
டொக்டர் பிள்ளைக்கு என் மூத்தவளின் வயசிருக்கும்.
பேனை மூடியைக் கடித்துக்கொண்டு கேட்டா:
"எத்தனை வயசில தொடங்கின?"

மூணு வருசம் என்றேன்.
ஐம்பது என்று எழுதி, கீழே ஒரு கோடு போட்டா.
அந்தக் கோட்டின் அழுத்தம் எனக்குப் பிடிக்கவில்லை.
"அம்பதில புதிசா வாறதெண்டா
வேற சாமானும் தேடிப் பாக்கணும்" என்றா
என் முகத்தைப் பாராமல்.

பயம் வந்தால் ஞாபகமும் வரும்.
மகா ஓயாத் தேத்தண்ணிக் கடை வந்தது:
கொழும்பு பஸ், இரவு ஒன்றரை,
ஆட்கள் கொட்டாவியோடு இறங்குமுன்
ஸ்டியரிங்கை விட்டுக் குதித்தோடி ஒரு பணிஸ் தின்பேன்.
நெஞ்சுக்குழிக்குக் கீழே எரிந்த கொள்ளி
தண்ணி தெளித்தாற்போல் அடங்கும்.
"றைவருக்குப் பேய்ப் பசி" என்று சிரிப்பான் கண்டக்டர் முனாஸ்.
எனக்கு அப்போது முப்பத்திரண்டு.

அதற்கும் முந்தி,
தொண்ணூறாம் ஆண்டு, ஊரடங்கு,
சம்மாந்துறையில் மாமி வீட்டுக் குசினி.
விளக்குக் கொளுத்தப் பயந்து, தடவித் தடவி
சோத்துப் பானைக்குள் கைவிட்டவனுக்குப் பத்தொன்பது.
அந்த வருசம் எல்லார் வயிற்றிலும் நெருப்பு.
என்னுடையதைத் தனியாகப் பிரித்துப் பார்க்க
ஆருக்கு நேரம்?
"யோசிக்காத மனே, யோசினையாலதான் இது" என்றா உம்மா.
முப்பத்துநாலு வருசம்
யோசிக்காமல் இருந்து பார்த்தேன்.

"பத்தொன்பது" என்றேன்.
ஐம்பதை வெட்டினா. வெட்டினபிறகுதான் சிரித்தா.
"அப்ப கிருமியாத்தான் இருக்கும்.
வீட்டில வேற ஆருக்கும்?"
வாப்பாவுக்கு.
"அவருக்கு எத்தனையில?"
வாப்பாவுக்குத் தன் வயசே தெரியாது.
சூறாவளி தென்னைகளை விழுத்தின வருசம் என்பார்.
விரல் மடித்து அவவே கணக்குப் பார்த்தா: முப்பத்தெட்டு.

பக்கத்துக் கதிரையில் நாவிதன்வெளி வேலாப்போடி.
எழுபத்தாறு. ஒரு நாளும் நோவு தெரியாத மனிசன்.
முழங்காலுக்கென்று பார்மசியில் வாங்கின சிவப்புக் குளிசை
ஒரு வருசமாய், நாளுக்கு இரண்டு.
போன வெள்ளி தாரைப்போலக் கறுப்பாய்ப் போய்
வரம்பில் மயங்கி விழுந்திருக்கிறார்.
"வயசு போனா வயிறு கத்தாது ஐயா" என்றா நர்ஸ்.
போடியார் கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:
"விதைக்கவே இல்ல. வெட்டு வந்திட்டு."

குழாய் போனது, வந்தது.
சிறுகுடல் வாசலில் பழைய தழும்பொன்று,
அதனருகே புதுப் புண், பாசிப்பயறு அளவில்.
மூன்று வகைக் குளிசை. பதினாலு நாள்.

அன்றிரவு இரண்டு மணிக்கு விழித்தேன்.
குசினியில் வெளிச்சமில்லை. சத்தம் இருந்தது:
பிஸ்கட் டின்னின் மூடி, மிக மெதுவாய்,
இருட்டில் திறந்து பழகிய கை.
இளையவன் இன்ஷாப். பதினாலு.

"பசிக்குதா?"
"சும்மா வாப்பா."

ஒரு கையில் கிரீம் கிராக்கர். மற்றக் கை
நெஞ்சுக்குழிக்குக் கீழே, சரியாக அந்த இடத்தில்,
ஒருத்தரும் காட்டிக்கொடுக்காமல்.

முப்பத்தெட்டு. பத்தொன்பது.
அடுத்ததை எழுத என்னிடம் பேனை இல்லை.
தண்ணி வார்த்து அவன் முன்னால் வைத்தேன்.
"எப்ப தொடங்கின?"
"இப்பதான்... ஒரு மூணு நாளா."

நானும் மூணு என்றுதான் சொன்னேன், காலையில்.

அவன் மென்று விழுங்கும்வரை
டின் மூடியைக் கையில் பிடித்துக்கொண்டு
நின்றேன்.