இருபது தெத்ரி

இந்தக் கட்டடத்து லிஃப்ட்டில் ஏறக் காசு கேட்கும்.
உள்ளே ஓர் இரும்புப் பெட்டி.
அதன் வாயில் இருபது தெத்ரி போட்டால்
முனகிக்கொண்டே கிளம்பும்.
இறங்குவதற்குக் காசில்லை.
வந்த வாரமே நோட்டில் எழுதிக்கொண்டேன்:
"குத்தாய்சி. ஏற்றத்துக்கு விலை, இறக்கம் இலவசம்."
எதையோ கண்டுபிடித்துவிட்ட மாதிரி
அடியில் இரண்டு கோடு வேறு.

ஒரு வருட உதவித்தொகை.
ஜார்ஜியக் குடும்பங்களின் உறவுச் சொற்கள் பற்றி
நாற்பது பக்கம் எழுதித் தர வேண்டும்.
ஏழாவது மாடியில் நுக்ஸார் வீட்டில் அறை.
அவர் பத்தூமிக்கு மினிபஸ் ஓட்டுகிறார்.
சியாலாவுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை.
எலிசோவுக்கு ஏழு வயது, முன்பல் இரண்டும் இல்லை.

தேதா என்றால் அம்மா.
மாமா என்றால் அப்பா.

சிரித்துவிட்டேன்.
ஏன் சிரித்தாய் என்றார்கள்.
எங்கள் பக்கம் மாமா என்றால்
அம்மாவின் தம்பி, அத்தையின் புருஷன்,
கல்யாணப் பந்தலில் முதலில் கோபித்துக்கொள்கிறவர்,
சில வீடுகளில் கட்டிக்கொள்கிறவரும் அவரே
என்று உளறி வைத்தேன்.

கரண்டி நின்றது.
"அம்மாவின் தம்பியையா?" என்றாள் சியாலா.
ஏழு தலைமுறை தள்ளிச் சொந்தமென்றாலும்
இங்கே பெண் எடுக்க மாட்டார்களாம்.
பீன்ஸ் குழம்பு ஆறிக்கொண்டிருந்தது.
"அதெல்லாம் அந்தக் காலம்" என்றேன்.
பொய்.

மறுநாள் நாலாவது மாடி லமாரா
வால்நட் கேக்கோடு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.
கேக் எனக்கு.
கேள்விகளும் எனக்கே.
குழந்தைகள் நன்றாகப் பிறக்குமா,
பாதிரியார் சம்மதிப்பாரா,
பெண்ணுக்குக் கூச்சமாக இருக்காதா.
என் நோட்டு மூடியபடி மேசைமேல் கிடந்தது.
அவள் கையில் பேனா இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஜனவரியில் ஒரு மாலை
ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே கரண்ட் போனது.
லிஃப்ட்டுக்குள் நானும் எலிசோவும் ஒரு மூட்டை உருளைக்கிழங்கும்.
என் போனில் சார்ஜ் இல்லை.
அவள் அழவில்லை, என் சட்டைப் பித்தானைத்
திருகிக்கொண்டே இருந்தாள்.

மேலிருந்து நுக்ஸாரின் குரல் இறங்கி வந்தது.
"மாமா, பயப்படாதே மாமா, இதோ வந்துவிட்டேன் மாமா."

யாரைக் கூப்பிடுகிறார்?
"என்னைத்தான்" என்றாள் எலிசோ,
இதுகூடத் தெரியாதா என்கிற தொனியில்.
அப்பாவுக்கு அவள் மாமா.
அம்மாவுக்கு அவள் தேதா.
தன் பெயரையே எடுத்துப்
பிள்ளைக்குப் போர்த்திவிடுகிறார்கள்.

இருட்டில் நோட்டைத் தேடிய கை
பாதியில் நின்றது.
வாம்மா, சாப்பிடும்மா, தூங்கும்மா என்று
என்னை இருபத்தெட்டு வருடமாகக் கூப்பிட்டவர்களுக்கு
நான் யாருக்கும் அம்மா இல்லையென்று தெரியாதா?
கேட்டுக் கேட்டுக் காதில் விழாமல் போன சொல்
ஐந்தரை மாடி உயரத்தில்
இன்னொரு மொழியில் வந்து விழுந்தது.

கரண்ட் வரக் காணோம்.
எலிசோவிடம் மெதுவாகச் சொன்னேன்:
என் அம்மா கட்டிக்கொண்டது அவள் அம்மாவின் தம்பியைத்தான்.
இன்றைக்கும் அவரை மாமா என்றுதான் கூப்பிடுகிறாள்.
எங்கள் வீட்டிலும் மாமா என்றால் அப்பா.

கொஞ்ச நேரம் யோசித்தாள்.
"அப்போ உன் அம்மாவுக்குப் புதுசாக
ஒரு சொல் கற்றுக்கொள்கிற வேலை மிச்சம்."

வெளிச்சம் வந்தது.
ஏழாவது மாடியில் கதவு திறந்ததுமே
ரகசியத்தை உரக்கச் சொல்லிவிட்டாள்.
சியாலா உருளைக்கிழங்கை வாங்கிக்கொண்டு
உள்ளே போனாள். ஒன்றும் பேசவில்லை.
இரவு அவள் வைத்த சீஸ் ரொட்டி
எப்போதும்போல் சூடாகவே இருந்தது.
அவள் மனசு எப்படியோ, அது எனக்குத் தெரியாது.
நாற்பது பக்கத்திலும் அதற்கு இடமில்லை.

இப்போது ஞாயிறுதோறும்
வீட்டோடு போன் பேசி முடித்ததும்
ரேடியோவைத் தணித்துவிட்டு நுக்ஸார் கேட்கிறார்:
"மாமா ரோகோரா?"
மாமா எப்படி இருக்கிறார்?

முட்டிவலிதான், மற்றபடி நலம் என்கிறேன்.
எந்த மாமாவை விசாரிக்கிறார் என்று
நான் கேட்டதில்லை.