ஃப்ரிட்ஜின் சட்ஜம்

முப்பத்தோராம் மாடி எறிந்த சுருட்டுப் பெட்டி
சர்வீஸ் லிஃப்டில் என்னோடு கீழே வந்தது.
தேவதாரு வாசனை. உள்ளே ஒரு செத்த பூச்சி.
சயான் கோலிவாடாவில் என் அறை, பத்துக்குப் பத்து.
பழைய கதவுச் சட்டத்தில் அதற்குக் கழுத்து அறுத்தேன்,
சோர் பஜாரில் உடைந்த மாண்டலின் ஒன்றிடமிருந்து
மூன்று முறுக்காணி, எண்பது ரூபாய்.
மூன்று கம்பி: ச, ப, மேல் ச.
போதும். மற்றதை விரல் தேடிக்கொள்ளும்.

முதல் பாட்டு முடியவில்லை,
ப இறங்கிவிட்டது.
ஏற்றினேன். இறங்கியது.
படிக்கட்டில் பாட்டிலோடு இருந்த செவத்தையா சொன்னான்:
"உனக்குச் சுதி இறங்குது, எனக்கு ஏறுது,
நடுவுல எங்கயாச்சும் சந்திப்போம்டே."

லிஃப்ட் மெக்கானிக்குக் கம்பி புதிதல்ல.
புதுக் கயிறு போட்ட முதல் மாதம்
கூண்டு தரைக்கு இரண்டு விரல் கீழே நிற்கும்.
கயிற்றை யாரும் திட்டுவதில்லை.
இழுபடுகிற மட்டும் இழுபடட்டும் என்று விட்டு
பிறகு குறைப்போம்.
அன்றிரவு ஒவ்வொரு கம்பியையும்
பாதிக் கழுத்தில் பிடித்துத் தூக்கித் தூக்கி இழுத்தேன்,
சுதி சேர்த்தேன், மறுபடி இழுத்தேன்,
இனி உன்னிடம் கொடுக்க ஒன்றுமில்லை என்று
அது சொல்லும்வரை.

மறுநாள் வேறு நோய்.
முறுக்கினால் ஒன்றும் ஆகாது, ஆகாது,
பிறகு டிக்.
சுதி ஒரேயடியாகத் தாண்டிக் குதிக்கும்.
கப்பியின் பள்ளம் கயிற்றைக் கடித்தால் இப்படித்தான்,
கூட வேலை பார்க்கும் தேஜஸ் சாவந்த் காதாலேயே சொல்லிவிடுவான்.
தலைப்பக்கம் வைத்தது பழைய சீப்பின் முதுகு,
அதில் நான் கீறிய பள்ளம் கம்பியைவிட ஒல்லி.
நகம் ராவும் அரத்தால் அகலமாக்கி
பிரிசில்லாவின் டப்பாவிலிருந்து பென்சில் எடுத்துக்
கரியைத் தேய்த்தேன்.
கணக்குப் பரீட்சைக்கு மொட்டைப் பென்சிலோடு போனவள்
இரண்டு நாள் அப்பா என்று கூப்பிடவில்லை.

முறுக்காணியில் ஒரு சுற்று மட்டும் சுற்றியிருந்தேன், கஞ்சத்தனம்.
மூன்று சுற்று, ஒன்றின் கீழ் ஒன்று. திருகுகளையும் இறுக்கினேன்.
நகர்ந்துகொண்டே இருந்த போல்ட்டுக்கு, அதுதான் பாலம்,
மூடியில் கோடு கிழித்தேன்.

ஜூலை.
மழை அறைக்குள் வரவில்லை. ஆனாலும் பெட்டி குடித்தது.
மூடி உப்பியது, பாலம் அதன்மேல் ஏறி நின்றது.
இத்தனை நாள் இறங்கி இறங்கி உயிரை எடுத்தவை
யாரும் கேட்காமல் மூன்றும் ஏறின.
மூடியைக் கழற்றினேன்.
பாலத்துக்கு நேர் கீழே, உள்பக்கம்,
இரண்டு குல்ஃபிக் குச்சிகள், குறுக்கே, ஃபெவிகால்.
மேலே செங்கல். ஒரு பகல் முழுக்க.
குல்ஃபி தின்ற வகையில் சமாதானம் ஆனது.

எதோடு சேர்ப்பது என்றுதான் பாக்கி.
போனில் ஊசி ஆடும் ஒரு ஆப் இருக்கிறது.
ஆனால் பதினோரு மணிக்கு மேல் தெரு அடங்கியதும்
எங்கள் ஃப்ரிட்ஜ் முனகத் தொடங்கும், ஒரே சுரம்,
மும்பை முழுக்க ஒரே கரண்ட் என்பதால்
எல்லா வீட்டு ஃப்ரிட்ஜும் அதையே முனகும் என்று நினைக்கிறேன்.
ஆப்பின் ச-வுக்கு அது கொஞ்சம் மேலே.
இருக்கட்டும். இந்த அறையில் ஃப்ரிட்ஜ் சொல்வதுதான் ச.

நேற்று கரண்ட் போனது. ச போனது.
அதே நிமிஷம் போன்:
வடாலாவில் பதினாலுக்கும் பதினைந்துக்கும் நடுவில் மூன்று பேர்,
ஒருத்தர் டயாலிசிஸ் முடிந்து வந்தவர்.
கையால் சக்கரத்தைச் சுற்றிக் கூண்டை இறக்கினேன்,
அங்குலம் அங்குலமாக, சாவந்த் கீழிருந்து கத்த,
போதும், இன்னும், போதும்.

திரும்பும்போது இரண்டு மணி. சட்டை பிழிந்தால் ஒரு வாளி.
ஃப்ரிட்ஜ் வந்திருந்தது.
பிரிசில்லா எழாதபடி கட்டைவிரலால் மட்டும் தொட்டேன்.
ச. மேல் ச. அப்படியே நின்றன.
ப ஒரு மயிரிழை கீழே.
கூண்டு தரையிலிருந்து அரை விரல் தள்ளி நின்றாலும்
நாங்கள் பதிவேட்டில் எழுதுவது லெவல் என்றுதான்.