பாலம் வரைக்கும்

புதுச்சேரி போவதாக இருந்தோம்.
வேன் வாடகை கேட்டதும்
தணிகாசலம் காட்பாடி ஆட்டோவைக் கைகாட்டினார்.

பாலாற்றுப் பாலத்தில் ஊரே நின்றது.
போலீஸ்காரர் விசில் ஊத,
சோளம் சுடுகிறவனின் புகைக்குள்
எல்லோரும் தண்ணீருக்கு முதுகைக் காட்டிப்
படம் எடுத்துக்கொண்டார்கள்.

"யாரு தொறந்து வுட்டது?" என்றாள் ஹேமா,
வாரம் ஒருமுறை வரும் குழாயை மட்டுமே அறிந்தவள்.

நாத்தனார் ஒரு ரூபாயை எறிந்தாள்.
எங்கே விழுந்ததென்று தெரியவில்லை.

அவர் மட்டும் கைப்பிடிச் சுவரை விட்டு நகராமல்
தூண்களை எண்ணினார்.
ஏழாவதன் கீழேதான்
அவர் லாரி நிற்கும்.
ராத்திரி இரண்டு மணி, விளக்கணைத்து,
நாலு வருஷம்.

மணல் அள்ளிய குழியில்
தண்ணீர் சுழன்று சுழன்று
கொஞ்சம் நின்றுவிட்டுப் போனது.

"பசிக்குது" என்றாள் ஹேமா.
சோளம் வாங்கினோம், மூன்று.
அவர் வேண்டாமென்றார்.