இரண்டாவது வால்வு

மவுண்டன் ரைஸ் கல்லறைத் தோட்டம்.
ஜூலை, காலை எட்டு மணி. புல்லெல்லாம் உறைபனி.
கேத்தரின் சாமுவேலின் பெட்டி
கயிற்றில் இறங்குகையில்
என் டிரம்பெட்டின் இரண்டாவது வால்வு
அழுந்தியது.
எழவில்லை.

பிறகு வந்தவையெல்லாம்
அரைச்சுரம் தாழ்ந்தே வந்தன.
"பித்தளைகூட அழுகிறதே" என்று
யாரோ என் தோளைக் கட்டிக்கொண்டார்கள்.
டெஸ்மண்ட் ஆறுமுகம் மட்டும்
டிராம்போனுக்கு மேலிருந்து
முறைத்தார்.

தேங்காய் எண்ணெய்.
தலைக்கு வைக்கும் அதே குப்பி.
டிசம்பரில் வழுக்கிக்கொண்டு ஓடியது,
பீட்டர்மாரிட்ஸ்பர்க் குளிரில்
கட்டிதட்டிவிட்டது.
இதை யாரிடம் போய்ச் சொல்ல?

சத்தியசீலனிடம் சொன்னேன்.
கியர்பெட்டி பிரிக்கும் மனிதர்.
பட்டறையிலிருந்து ஒரு டப்பா கொண்டுவந்தார்.
மூடியைத் திறந்ததும் பூனை வெளியே போனது.
"இதில் நான் வாய் வைக்கவேண்டும்.
உங்கள் கோம்பிக்கு வாய் கிடையாது" என்றேன்.

சர்ச் தெருக் கடையில் நொகுதுலா
பாட்டிலைக் காட்டுமுன் வால்வைக் கேட்டாள்.
மூன்றையும் அழுத்தி விட்டு
காதருகே வைத்துக்கொண்டாள்.
"தளர்ந்துபோயிருக்கிறது.
மெல்லிய எண்ணெய் நிற்காது.
கொஞ்சம் கெட்டியானது எடு."
விரல் நீளக் குப்பி,
நூற்று நாற்பது ராண்ட்.
பேரம் பேசினேன். சிரித்தாள், குறைக்கவில்லை.

வெந்நீர், பாத்திரம் கழுவும் சோப்பு, நீளத் தூரிகை.
குழாய்க்குள்ளிருந்து என் கூந்தல் வாசனை வந்தது.
கை தானாகச் சீயக்காய் தேடியது.
துடைத்தேன்.
ஒன்று, இரண்டு, மூன்று என்று
பொறித்த எண் பார்த்து அதனதன் வீட்டில் இறக்கினேன்
(மாற்றிப் போட்டால் மூச்சே போகாது).
பாதி இறங்கியதும் மூன்று சொட்டு.
மெல்லத் திருப்ப, 'க்ளிக்'.

வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர்
தொண்டையைச் செருமினார்.
"தேய்ந்த எஞ்சினுக்கும் அப்படித்தான்.
கெட்டி எண்ணெய்தான் பிடிக்கும்."

"இது உங்களுக்கு முன்பே தெரியுமா?"

"பத்தொன்பது வருஷமாகத் தெரியும்.
நீ வாயைப் பற்றித்தானே பேசினாய்,
வால்வைப் பற்றிக் கேட்கவில்லையே."

குப்பியை அவர் மேல் எறிந்திருப்பேன்.
நூற்று நாற்பது ராண்ட்.

இரவு, நார்த்டேல் முழுக்க விளக்கணைந்தபின்
உதட்டில் வைக்காமல்
விரலால் மட்டும்
அந்தப் பாட்டை முதலிலிருந்து வாசித்தேன்.
டப், டப், டப்.
அழுந்தியதெல்லாம் எழுந்தது.
கேத்தரினுக்கு நான் பாக்கிவைத்த அந்த இடத்தில் மட்டும்
விரலை எடுத்துவிட்டு
கொஞ்ச நேரம் இருந்தேன்.